வன்னியில் குடும்பப் படம்: எந்த வகை உங்களுக்குச் சரிவரும்?

"அண்ணை, லண்டனில இருந்து அக்கா குடும்பம் வருது. எல்லாரும் நிண்டு ஒரு படம் எடுக்கவேணும். எவ்வளவு எடுப்பியள்?"

ஆடி பிறந்ததும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். விலை சொல்ல முதல் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "படத்தை எங்க மாட்டப் போறியள்?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. பிறகு, "அதை யோசிக்கேல்லை அண்ணை."

அதை யோசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்ரூடியோவா, வீட்டு முற்றமா, குளக்கட்டா, கடற்கரையா என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் யாரோ வெள்ளை உடுப்போடு எடுத்த படம் முகநூலில் கண்ணில் பட்டிருக்கும். நமக்கும் அதுபோல ஒன்று வேண்டும். அந்தப் படத்தில் நடக்க முடியாத அப்பப்பா இல்லை, கைக்குழந்தை இல்லை, வெயிலில் நின்றால் தலைசுற்றும் பெரியம்மா இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. நான் சொல்லும் முறை வேறு. உங்கள் குடும்பத்தில் படத்துக்கு வந்து நிற்பது யாருக்கு மிகவும் கஷ்டமோ, அந்த ஆளிலிருந்து தொடங்குங்கள். அவருக்குச் சரிவரும் வகைதான் குடும்பத்துக்கும் சரிவரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் குடும்பப் படத்துக்கு இருக்கும் பாரம் வேறு. 2008இலும் 2009இலும் யுத்தம் துரத்த மன்னார்ப் பக்கமிருந்து கிளிநொச்சி, பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த சனத்தில் அல்பத்தைக் காவிக்கொண்டு போனவர்கள் குறைவு. காவியவர்களிலும் பலர் எங்கோ ஓரிடத்தில் உரப்பையோடு போட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது. நான் போகும் வீடுகள் பலவற்றில் சுவரிலுள்ள மிகப் பழைய படம் 2010க்குப் பிறகு எடுத்தது. அதற்கு முந்தியது ஏதும் இருந்தால், எப்போதோ தபாலில் கனடாவுக்கோ சுவிசுக்கோ போய், திரும்பி வந்த பிரதியாக இருக்கும். 'சும்மா ஒரு படம்' என்று இங்கே யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

முதலாவது: யாருக்காக எடுக்கிறீர்கள்?

முன் விறாந்தைச் சுவரில் பெரிதாக மாட்டப் போகிறீர்கள் என்றால் முகங்கள் தெளிவாகவும் பின்னணி அமைதியாகவும் இருக்கவேண்டும். பத்தடி தள்ளிக் கதிரையில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் யார் யார் என்று தெரியவேண்டும். அதற்கு ஸ்ரூடியோ அல்லது முற்றம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பவென்றால் ஊர் தெரியவேண்டும். அம்மாவின் முகத்தை அவர்கள் தினமும் வீடியோ அழைப்பில் பார்க்கிறார்கள். குசினி வாசலில் உலைமூடியோடு நிற்கும் அம்மாவை, கிணற்றடியை, வேலியை, படலையில் படுத்திருக்கும் நாயைத்தான் பார்க்க முடியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே அரைநாள் எடுக்கும் படம் கடற்கரையைவிட எவ்வளவோ மேல்.

எண்பது தாண்டிய ஒருவருக்காகத்தான் எல்லோரும் கூடுகிறார்கள் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முழுக் குடும்பப் படம் ஒன்று, அவரும் அவருடைய பிள்ளைகளும் மட்டும் ஒன்று, பேரப்பிள்ளைகளோடு ஒன்று, தனியாக ஒன்று என்று திட்டமிட்டு எடுக்கலாம். அந்தத் தனிப்படம் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மம்மாமார் சிலர் தாங்களே சொல்லிவிடுவார்கள்: "தம்பி, சிரிச்ச மாதிரி ஒண்டு எடும், பிறகு தேவைப்படும்."

இரண்டாவது: தலையை எண்ணுங்கள்

ஒரு கொப்பித் தாளில் பெயர்களை எழுதுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் எழுதச் சொன்னதில்லை.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று தலைமுறை, முப்பத்துச் சொச்சம் பேர். எல்லோரையும் வரிசைப்படுத்தி, குழந்தைகளைச் சிரிக்க வைத்து, அருமையாக எடுத்தேன். 16க்கு 24 அங்குலத்தில் அச்சிட்டு, சட்டம் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் தெரிந்தது: மூத்த மருமகள் படத்தில் இல்லை. எல்லோரும் முற்றத்தில் நின்றபோது அவர் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நானும் எண்ணவில்லை, வீட்டாரும் எண்ணவில்லை. அவர் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை ஒருதரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு உள்ளே போய் எனக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு! இப்போதெல்லாம் குசினிக்குள் எட்டிப் பார்க்காமல் கமராவைத் தூக்குவதில்லை.

பெயருக்குப் பக்கத்தில் இரண்டொரு சொல் எழுதிவையுங்கள். சின்னவள் பின்னேரம் நாலுக்கு நித்திரை. அப்பப்பாவுக்கு முழங்கால் வருத்தம், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார். மாமாவுக்கு மருந்து நேரம்.

வன்னியில் கட்டாயம் எழுதவேண்டிய இன்னொரு குறிப்பு உண்டு. குடும்பத்தில் கால் இழந்தவர், கை இழந்தவர், முகத்தில் காயத் தழும்பு உள்ளவர் இருக்கலாம். அவரைக் கதிரைக்குப் பின்னால் நிறுத்தி மறைப்பதா, ஊன்றுகோலோடு நிற்க விடுவதா என்று கமராக்காரரும் தீர்மானிக்கக்கூடாது, நீங்களும் தீர்மானிக்கக்கூடாது. முதல் நாளே அவரிடம் தனியாகக் கேளுங்கள். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, "வீட்டில நான் இப்பிடித்தான் இருக்கிறனான், இப்பிடியே எடும்" என்று சொன்னவரும் இருக்கிறார். நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வரிசையின் நடுவில் நிற்க விரும்பியவரும் இருக்கிறார். இரண்டுமே அவரவர் விருப்பம்.

மூன்றாவது: மாதம்

ஆட்கள் கூடுகிற மாதமும் மண் அழகாக இருக்கிற மாதமும் வன்னியில் ஒன்றாக வருவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்ட். கோயில் திருவிழாக்களும் அந்நேரம்தான், மடுமாதாவின் பெரிய திருவிழாவும் ஓகஸ்ட் 15. ஆனால் அது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம். குளங்கள் வற்றி, புல் காய்ந்து, ஒழுங்கை முழுக்கச் செம்புழுதி. தலைமுடியும் சீலைத் தலைப்பும் ஒரு நிமிடம் நிற்காது. அந்த மாதங்களில் வெட்டவெளியை விட்டுவிட்டு மரநிழல் உள்ள வளவு, விறாந்தை, ஸ்ரூடியோ என்று யோசியுங்கள். வெளியேதான் வேண்டுமென்றால் விடியக் காலமை, காற்று எழும்ப முதல்.

பச்சை வேண்டுமா? காலபோகம், அதாவது மாரி மழையோடு செய்யும் நெல் போகம். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த வயல் மார்கழியில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கும். தைப்பொங்கல் தாண்ட மஞ்சளாகும், மாசியில் வெட்டிவிடுவார்கள். குளங்கள் நிரம்பி வான் பாய்வதும் இந்த மாரிக்காலத்தில்தான். ஆனால் மழை எந்த நேரமும் கொட்டும். ஆகவே மாற்று நாள் ஒன்றைக் கமராக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். மழை நின்ற மறுநாள் காலையில் வானமும் இலையும் கழுவிவிட்டதுபோல இருக்கும். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல நாள் வருடத்தில் இல்லை.

மார்கழி, தையில் வரக்கூடியவர்கள் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஆட்கள்தான் முக்கியம், புல் இல்லை.

நான்காவது: வகையைத் தெரிவு செய்தல்

ஸ்ரூடியோவை இளம் ஆட்கள் இப்போது பழசு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏழெட்டுப் பேருக்குள் உள்ள குடும்பம், மழைக்காலம், வயதானவர், அரை மணித்தியாலத்தில் முடியவேண்டும் என்றால் அதுதான் சரி. வெளிச்சம் கமராக்காரரின் கையில், நிலம் சமம், மின்விசிறி இருக்கும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சுவிஸ் மலையும் நீர்வீழ்ச்சியும் வரைந்த திரை வேண்டாம், சாம்பலோ மண்ணிறமோ ஒரே நிறத் திரை போதும். இருபது வருடம் கழித்தும் கண்ணை உறுத்தாது. பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் சின்ன ஸ்ரூடியோவில் நெருக்குப்படும். பின்வரிசையின் நிழல் திரையில் விழும்.

வீட்டுப் படம்தான் வன்னிக் குடும்பங்கள் அதிகம் பேருக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். "எங்கட வீட்டில என்ன இருக்கு எடுக்க?" என்று கேட்பார்கள். மீளக் குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்து, வீட்டுத்திட்டம் கிடைத்து, அது பாதியில் நின்று, கடன்பட்டுச் சீமெந்து பூசி முடித்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு கேட்பார்கள். அந்தச் சுவரை விட வேறென்ன பின்னணி வேண்டும்? வயதானவர் தன் கதிரையில் இருப்பார், குழந்தை தன் பாயில் நித்திரையாகும், யாரும் வாடகை வாகனத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வீட்டுத்திட்ட வீடுகளின் முன் விறாந்தை சின்னது. அதில் நாலைந்து பேரை இருத்தி, படியில் பிள்ளைகளையும் முற்றத்தில் இளையவர்களையும் விட்டால் தானாகவே மூன்று வரிசை அமைந்துவிடும்.

வெளிச்சத்துக்குக் கவனிக்கவேண்டியவை சில. மாமரத்துக்கு நடுக்கீழே நின்றால் இலைகளுக்கிடையால் வரும் வெயில் முகத்தில் பொட்டுப்பொட்டாக விழும். நிழலின் விளிம்பில், வெளியைப் பார்த்து நில்லுங்கள். நீலத் தறப்பாளுக்குக் கீழே நிற்கவே வேண்டாம், எல்லோரும் நோயாளிபோல் தெரிவார்கள். கடும் பச்சை, கடும் றோஸ் நிறம் பூசிய சுவருக்கு மிக அருகில் நின்றால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். நாலடி தள்ளி நின்றால் சரி. சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் கதிரைகளை ஒதுக்கிவிட்டு மரக் கதிரையோ வாங்கோ தேடி எடுங்கள். அயல் வீட்டில் கேட்டால் தருவார்கள்.

வெளிப்படம் எல்லோரும் முக்கால் மணித்தியாலம் நடந்து, நின்று, சமாளிக்கக்கூடிய குடும்பத்துக்கு. அதாவது புதுச் சோடி, வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடு, வெளிநாட்டிலிருந்து வந்த உடன்பிறப்புகள். அம்மம்மாவைக் கடற்கரை மணலில் நடத்திக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தால், வகையைப் பிழையாகத் தெரிவு செய்திருக்கிறீர்கள்.

விழாவோடு சேர்த்து எடுப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. சாமத்தியவீடு, கலியாணவீடு, குடிபூரல் என்று எப்படியும் ஆட்கள் கூடுகிறார்கள்தானே? கூடுகிறார்கள், ஆனால் ஆறியிருப்பதில்லை. வீட்டுக்காரர் வந்தவர்களைக் கவனிப்பார், தாய்க்கு விடிய மூன்று மணியிலிருந்து நித்திரை இல்லை, மாமன்மார் பந்தியில் நிற்பார்கள். மண்டபத்தில் எடுத்த குடும்பப் படங்களில் யாராவது ஒருவர் எப்போதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலை, வந்தவர்கள் புறப்பட முதல், சாதாரண உடுப்பில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதற்கு ஆகும் மேலதிகச் செலவு பெரிதாக இருக்காது. விழா அன்றுதான் முடியும் என்றால் சாப்பாட்டுக்கு முதல் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கூடாது.

பச்சைக் குழந்தைக்கு வரும் சிக்கல் தனி. இணையத்தில் காணும் கூடைக்குள் சுருண்டு நித்திரை கொள்ளும் குழந்தைப் படங்கள் பிறந்து முதல் இரண்டு கிழமைக்குள் எடுப்பவை. அதன்பிறகு பிள்ளை அப்படிச் சுருளாது. நம்முடைய வீடுகளில் பிறந்து 31ஆம் நாள் துடக்கு (தீட்டு) கழித்த பிறகுதான் வெளியாட்கள் வருவார்கள். இந்த இரண்டையும் மல்லுக்கட்டவிடத் தேவையில்லை. 31 கழிந்த பிள்ளை கண் விழித்துப் பார்க்கும், சில நேரம் சிரிக்கும். அம்மம்மா எண்ணெய் தேய்த்து, குளிக்க வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டும் நேரத்தை யன்னலோரத்தில் வைத்து எடுத்தால் கூடைக்கும் துணிப் பூவுக்கும் வேலையில்லை. பிள்ளையை வளைத்து வைத்து எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

ஐந்தாவது: இல்லாதவரைச் சேர்ப்பதா?

பிற ஊர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. வன்னியில் மூன்றில் ஒரு குடும்பமாவது என்னிடம் இதைக் கேட்கிறது: "இவரையும் பக்கத்தில வைக்கேலுமா தம்பி?"

செய்யலாம். இரண்டு வழி. ஒன்று, அவருடைய சட்டமிட்ட படத்தை யாராவது கையில் வைத்துக்கொண்டு நிற்பது, அல்லது கதிரையில் வைப்பது. மற்றது, கணினியில் அவரை வரிசைக்குள் சேர்ப்பது. நான் பெரும்பாலும் முதலாவதைச் சொல்வேன். அதில் பொய் இல்லை. கணினியில் சேர்ப்பதென்றால் அவருக்கு இடம் விட்டு நின்று எடுக்கவேண்டும். எடுத்து முடித்த பிறகு கேட்டால் யாருடைய தோளையாவது வெட்டித்தான் சேர்க்கலாம். பழைய படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அதே பக்கம் வெளிச்சம் விழ எல்லோரையும் நிறுத்தவேண்டும். ஆகவே பழைய படத்தை முதல் நாளே கமராக்காரரிடம் காட்டுங்கள்.

சில வீடுகளில் மிஞ்சியிருப்பது தேசிய அடையாள அட்டையில் உள்ள தபால்முத்திரையளவு முகம் மட்டும்தான். அதைப் போனில் படம் பிடிக்காமல் ஸ்கானரில், 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) அளவில் எடுங்கள். எடுத்தாலும் அஞ்சலட்டை அளவுக்கு மேல் பெருப்பிக்க முடியாது, அதில் இல்லாத விபரம் வராது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன. ஒருமுறை நானும் அதை நம்பினேன். ஒரு அம்மா கொண்டுவந்த மங்கிய படத்தைக் கொடுத்து எடுத்தால், மீசை ஒழுங்காக, கண் பளபளக்க, அழகான ஒரு பெடியன் வந்தான். மகிழ்ச்சியோடு காட்டினேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தார்.

"உது ஆர் தம்பி?"

செயலி தெளிவாக்குவதில்லை, ஊகித்து வரைகிறது என்று அன்றைக்கு விளங்கியது. கீறல், கறை நீக்குவது, வெளிறிய நிறத்தைத் திருப்பிக் கொண்டுவருவது வரை சரி. கண், மூக்கு, வாயில் கைவைக்க விடாதீர்கள். மங்கலாக இருந்தாலும் அது அவன்.

அடுத்தது மாலை. இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவதும் பொட்டு வைப்பதும் வழக்கம். ஆனால் இறந்தாரா, இருக்கிறாரா என்று பதில் கிடைக்காதவர்களின் படங்கள் இங்கே எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கையில் ஏந்தியிருந்ததும் அப்படிப்பட்ட படங்களைத்தான். அந்தப் படத்துக்கு மாலையோ விளக்கோ வைக்கலாமா என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். "அழகுக்குத்தானே" என்று ஒரு பூமாலையை எடுத்துப் போட்டுவிட்டால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. தாயிடம் கேளுங்கள், மனைவியிடம் கேளுங்கள். இருவரும் இரண்டு விதமாகச் சொன்னால் மாலை இல்லாமல் எடுங்கள்.

ஆறாவது: வெளியே போவதென்றால் எங்கே, எப்போது

முல்லைத்தீவுக் கடல் கிழக்கே. இதை மறந்துவிட்டு, "கடலுக்குள்ள சூரியன் மறையிற மாதிரி வேணும்" என்று கேட்கிறவர்கள் அநேகம். அங்கே சூரியன் கடலிலிருந்து உதிக்கும், மறைவது நிலப்பக்கம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கடலை முதுகுப் பக்கமாக விட்டு நின்றால் மேற்கு வெயில் முகத்தில் மென்மையாக விழும். அது குடும்பப் படத்துக்கு நல்லது. மறைகிற சூரியன்தான் வேண்டுமென்றால் தலைமன்னார்ப் பக்கம் போங்கள்.

வட்டுவாகல் பாலத்தில் நின்றால் நந்திக்கடல் களப்பின் மேல் பொழுது படுவது தெரியும். மிக அழகு. ஆனால் 2009 மே மாதத்தில் அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பின்னணி, தாய்க்கு அப்படி இல்லை. கேட்டுவிட்டுப் போங்கள்.

இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் தண்ணீர் தெற்கே விரிந்து கிடக்கும். காலை, மாலை வெயில் பக்கவாட்டில் வருவதால் யாரும் கண்ணைச் சுருக்கவேண்டி வராது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் எல்லாமே நல்ல இடங்கள்தான். எங்கே போனாலும் வெளிச்சம் காலை ஆறரையிலிருந்து எட்டுவரை, பின்னேரம் ஐந்திலிருந்து பொழுதுபடும் வரை. மார்கழியில் ஆறு மணியளவில் இருட்டிவிடும், ஆடி ஆவணியில் இன்னும் அரை மணித்தியாலம் கிடைக்கும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் யாராவது வெளிப்படம் எடுக்க வரச் சொன்னால் அவருக்கு அன்று வேறு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்பை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன். குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள், முதலை இருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டோர வீதிகளில் யானை நடமாட்டம் உண்டு, இருட்ட முதல் திரும்புங்கள். மண்டையோட்டுச் சின்னத்தோடு சிவப்புப் பலகை நட்ட இடங்களில் கண்ணிவெடி அகற்றி முடியவில்லை. பாதையை விட்டு ஓரடியும் இறங்கவேண்டாம், எவ்வளவு நல்ல மரம் நின்றாலும். இராணுவ முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். கமராக்காரரிடம் அந்தக் கடதாசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோயிலில் எடுப்பதென்றால் முதலில் ஐயரிடம் ஒரு வார்த்தை. மூலஸ்தானப் பக்கம் கமரா கூடாது, வெளிவீதியில் பொதுவாகத் தடுக்கமாட்டார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் நாளில் குடும்பப் படம் எடுக்கலாம் என்று கனவு காணாதீர்கள், அந்தச் சனத்துக்குள் குடும்பத்தைத் தொலைக்காமல் வந்தாலே போதும். ஏ9 வீதியால் வருகிறவர்கள் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குவார்கள்தானே. அந்தக் கச்சான் சரையில் இரண்டைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். அழுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

ஏழாவது: உடுப்பு

எல்லோருக்கும் ஒரே ரீசேட் வேண்டாம். இரண்டு மூன்று நிறத்தைத் தெரிவு செய்து, அதற்குள் அவரவர் விருப்பம். உச்சி வெயிலில் தும்பை வெள்ளை வேட்டி கண்ணைக் கூசும், தந்தநிறம் நல்லது. வயலுக்குள் பச்சைச் சீலை கட்டினால் ஆள் காணாமல் போவார். செம்மண் ஒழுங்கையில் கரை வைத்த வெள்ளைச் சட்டையின் ஆயுள் பத்து நிமிடம். புதுச் செருப்பைப் படத்துக்கு மட்டும் போடுங்கள், அல்லது வெறுங்காலோடு நில்லுங்கள். அது இன்னும் நன்றாக இருக்கும்.

பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். இதோடு சேர்த்து இன்னொன்று: முகத்தை வெள்ளையாக்கவேண்டாம் என்று கமராக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காமலே செய்வது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. வெயிலில் வயல் செய்த அப்பாவின் நிறத்தை மாற்றிக் கொடுத்தால் அவருக்கே தன்னைத் தெரியாது.

எட்டாவது: கமராக்காரரோடு பேசும்போது

விலையை விட முக்கியமானவை இருக்கின்றன. எத்தனை மணித்தியாலம், எத்தனை படம் திருத்தித் தருவார், திருத்தாத மூலப் படங்களும் கிடைக்குமா, அல்பமா சட்டமா, எந்த அளவு, எந்தத் திகதிக்கு? மழை பெய்தால்? போய்வரும் செலவு யாருடையது? முற்பணம் கொடுத்தால் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அவர் எடுத்த கலியாண அல்பத்தைப் பார்க்கவேண்டாம். சாதாரணக் குடும்பப் படங்கள் பத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வயதானவர்களின் கண் தெரிகிறதா, பின்வரிசை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தன் முகநூலில் போடுவாரா என்பதையும் கேளுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் சில பெண்கள் உள்ள படங்களை வெளியே போடவேண்டாம் என்பார்கள், பெண் கமராக்காரர் வேண்டும் என்பார்கள். எந்தக் குடும்பமாக இருந்தாலும் அப்படிக் கேட்க உரிமை இருக்கிறது.

ஒன்பதாவது: அன்றைக்கு

பெரிய கூட்டத்தை நிறுத்தும் வேலை மேய்ச்சலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. முதலில் இளையவர்களை வரிசையில் நிறுத்தி, வெளிச்சம் பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் வயதானவரைக் கூப்பிடவேண்டும், கடைசியாகக் கைக்குழந்தை. அவர்கள் இருவரும் வந்ததும் முழுக்கூட்டப் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். சின்னச் சின்னச் சோடிப் படங்கள் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால், கூட்டப் படம் வரும்போது அப்பப்பா படுக்கப் போய்விடுவார்.

கதிரை நடுவில், பெரியவர்கள் அதில், பிள்ளைகள் பாயில், உயரமானவர்கள் பின்னால். இரண்டு தலைக்கு நடுவே பின்வரிசையின் தலை வரட்டும். கமராக்காரர் மிக அருகில் வந்து அகலமான லென்ஸால் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள், மாமிமார் கோபிப்பார்கள். பின்னால் தள்ளிப் போய் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசை என்றால் அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எப்8 அளவுக்காவது சிறிதாக இருந்தால்தான் பின்வரிசையும் தெளிவாக வரும்.

ஒரே நேரத்தில் எல்லோருடைய கண்ணும் திறந்திருக்க எத்தனை தடவை எடுக்கவேண்டும்? ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் இதற்குக் கணக்குப் போட்டு 2006இல், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசே வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைந்த கூட்டமென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் பிரியுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். பதினைந்து பேருக்கு ஐந்து, அல்லது எட்டு. கூட்டம் ஐம்பதைத் தொட்டால் எவ்வளவு எடுத்தாலும் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார் என்பதும் அவர்களுடைய கணக்குத்தான். அப்படியான கூட்டத்தில் ஒரு படத்திலிருந்து கண்ணை எடுத்து மற்றதில் ஒட்டுவோம். இது மட்டும் பொய்யில் சேராது என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன்.

பத்தாவது: படம் கைக்கு வந்த பிறகு

வட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சிடக் கொடுக்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். 12க்கு 18 அங்குல அச்சு கூர்மையாக வர 3600க்கு 5400 பிக்சல் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடையில் ஒரு மட்டை வைக்கச் சொல்லுங்கள், மாரி ஈரத்தில் ஒட்டிப்பிடித்தால் பிரிக்க முடியாது. நேரே வெயில் விழும் சுவர் வேண்டாம். கறையான் ஏறும் சுவராக இருந்தால் பின்பக்கம் சின்ன இறப்பர்த் துண்டு வைத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள்.

மூலப் படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே. லண்டனில் இருந்து வந்த அக்கா திரும்பிப் போகும்போது ஒரு பென் டிரைவையும் அச்சிட்ட பிரதி ஒன்றையும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஏன் என்று அவவுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, பென்சிலால் (பேனாவால் எழுதினால் மை ஊறும்) படத்தின் பின்பக்கம் திகதி, இடம், இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் பெயர். வெறும் 'மாமா' என்று எழுதாமல் முழுப் பெயராக எழுதுங்கள். குசினியில் நின்றவரின் பெயரையும் சேர்த்து.